பழைய சடக்கில் ஒன்பது வீடு: கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை

புறப்படும் முந்தைய இரவு, பிரிக்பீல்ட்ஸ்

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 350 கிலோமீட்டர் சொச்சம். விடியலில் எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பாலம் ஏறிவிடலாம். ஆனால் சொந்தபந்தங்களைப் பார்த்துக்கொண்டே போவதென்றால் அந்தச் சாலை உதவாது. நம் மக்கள் அதன் ஓரத்தில் குடியிருக்கவில்லை. தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், ஈப்போ, சுங்கை சிப்புட், தைப்பிங், பாகான் செராய், நிபோங் தெபால் எல்லாம் பழைய சடக்கில், அதாவது கூட்டரசு சாலை 1இல் அல்லது அதிலிருந்து கிளம்பும் கிளைச் சாலைகளில் இருக்கும் ஊர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தபோதும், லயத்து வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துப் பட்டணத்திலேயே தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு வாங்கின. அதனால்தான் ஒரே குடும்பத்தின் கிளைகள் இந்தச் சடக்கு நெடுக முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றாக இருக்கின்றன. ஆறு நாளில் ஒன்பது வீடு, போகும் வழி மட்டும் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். பயணத் திட்டத்தை வீடுகளை வைத்துப் போடுங்கள், தூரத்தை வைத்துப் போடாதீர்கள்.

முதல் வேலை தொலைபேசி. வீடுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: சாப்பிடும் வீடு, தேத்தண்ணி வீடு, படுக்கும் வீடு. சாப்பிடும் வீட்டுக்கு முதல் நாள் மாலையே சொல்லியாக வேண்டும். மார்க்கெட்டுக்குப் போய் மீனோ கோழியோ வாங்க அவர்களுக்கு நேரம் வேண்டும். தேத்தண்ணி வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சொன்னால் போதும். அங்கேயும் முதல் நாளே சொல்லிவிட்டால் அவர்களும் உலை வைத்துவிடுவார்கள். ஒரே மதியத்தில் இரண்டு வீட்டில் இலை போட்டுக் காத்திருந்தால் ஏதோ ஒரு வீட்டின் மனம் நோகும். அது வருடக்கணக்கில் நிற்கும். ஒரு நாளைக்குச் சாப்பாட்டுக்கு ஒரு வீடு, தேத்தண்ணிக்கு ஒரு வீடு, அதற்கு மேல் வேண்டாம். எந்த வீட்டுக்கும் மணியைத் துல்லியமாகச் சொல்லாதீர்கள். பன்னிரண்டரைக்கு வருகிறேன் என்றால் பன்னிரண்டுக்கே வாசலில் நிற்பார்கள். “மத்தியானத்துக்கு மேலே ஆகும் அத்தை” என்பதே சரியான பதில்.

படுக்கும் வீட்டில் கேட்க வேண்டியவை வேறு. குளியலறை எத்தனை, காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் எத்தனை பேர் கிளம்புகிறார்கள், யாராவது இரவு ஷிஃப்ட் பார்க்கிறார்களா, காடியை (காரை) எங்கே நிறுத்துவது. ஒரே குளியலறை உள்ள வீட்டில் வேலைநாள் இரவில் தங்கினால், காலை ஆறு முதல் ஏழு வரை அதன் பக்கம் போகாமல் இருப்பதே விருந்தாளி செய்யக்கூடிய பெரிய உதவி.

இன்னொரு கேள்வியைத் தயங்காமல் கேட்க வேண்டும்: வீட்டுப் பெரியவர்களுக்கு டயாலிசிஸ் உண்டா? நம் வீடுகளில் நீரிழிவு பரவலாக இருக்கிறது. அதன் பின்னால் சிறுநீரகக் கோளாறும் வருகிறது. டயாலிசிஸ் வழக்கமாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். திங்கள், புதன், வெள்ளி என்று போகிறவரைத் திங்கட்கிழமை பிற்பகலில் பார்க்கப் போனால் அவர் களைத்துப் படுத்திருப்பார். நீங்கள் வந்ததற்காக எழுந்து உட்கார்ந்து இன்னும் களைத்துப்போவார். மறுநாள் போங்கள். அவர்களுக்கு வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு கொண்டுபோகக் கூடாது; இவற்றில் உள்ள பொட்டாசியத்தைக் கெட்டுப்போன சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, அது இதயத் துடிப்பையே குலைக்கும். பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழம் அதைவிட மோசம். அதிலுள்ள நச்சு ரத்தத்திலேயே தங்கி விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். இரண்டு மூன்று ஆப்பிள் போதும். “இன்னும் கொஞ்சம் குடிங்க மாமா” என்று தண்ணீரையும் வற்புறுத்தாதீர்கள், அவர்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று அளவு இருக்கும்.

காடி விஷயம். டயர் காற்றைக் காலையில், ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். சூடான டயர் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும், சரியாக இருப்பதாக நினைத்து விட்டுவிடுவோம். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் கிலோபாஸ்கலில் இருக்கும். எண்ணெய் நிலையத்துக் காற்று இயந்திரமும் அதே அளவில்தான் காட்டும். பெரும்பாலானவர்கள் மறப்பது உபரி டயரை. பூட்டில், அதாவது காடியின் பின்பெட்டியில், இருப்பது ஒல்லியான தற்காலிக டயர் என்றால் அதற்கு வழக்கமாக 420 கிலோபாஸ்கல் வேண்டும், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் அதில் ஓட்டக் கூடாது. இரண்டு வருடமாகத் தொடாத உபரி டயரில் பாதிக் காற்றுகூட இருக்காது. பேட்டரி நம் வெயிலில் இரண்டு வருடம் தாண்டினாலே சந்தேகத்துக்குரியது. காலையில் சாவி திருப்பும்போது இஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றினால் புறப்படும் முன்பே மாற்றிவிடுங்கள். வைப்பர் ரப்பர் கண்ணாடியில் கோடு போட்டால் அதையும் மாற்றுங்கள், மழைக்குப் பெயர் போன தைப்பிங் வரைக்கும் போகிறோம்.

தனியாகப் போகிறவர் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் காடி நின்றால், அதை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 எண்ணை அழைத்தால் ரோந்து வண்டி வரும். பழைய சடக்கில் அந்தச் சேவை கிடையாது. காப்புறுதிப் பத்திரத்தில் இருக்கும் இழுவை உதவி எண்ணை இன்றிரவே தொலைபேசியில் சேமியுங்கள். வேண்டாத இழுவை லோரி தானாக வந்து நின்றால் கொக்கி மாட்ட விடாதீர்கள். மாட்டிய பிறகுதான் விலை சொல்வார்கள்.

முதல் நாள், சனி: தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர்

105 கிலோமீட்டர். காலை ஏழுக்குக் கிளம்பி, பத்துமலையைத் தாண்டி, செலாயாங் வழி. ராவாங் பட்டண நெரிசலுக்குள் நுழையத் தேவையில்லை. 2017இல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் மாற்றுச்சாலை காட்டுக்கு மேலே உயரத் தூண்களில் போய் செரண்டா பக்கம் இறக்கிவிடும், டோல் இல்லை. பிறகு பத்தாங் காலி, கோலகுபுபாரு முச்சந்தி, களும்பாங்.

தொலைபேசி வரைபடம் தானாக நெடுஞ்சாலையைத்தான் காட்டும். ‘டோல் தவிர்’ என்பதைத் தட்டிவிட்டால் பழைய சடக்குக்கு வரும். ஆனால் அதில் ஒரு ஆபத்து. இரண்டு நிமிடம் மிச்சம் என்று செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைக்குள்ளும் திருப்பிவிடும். மழைக்குப் பின் அந்தப் பாதையில் குலை ஏற்றும் லோரிகளின் தடம் முழங்கால் ஆழத்துக்கு இருக்கும், சின்னக் காடியின் வயிறு தட்டி நின்றுவிடும். அடுத்த ஊரை மட்டும் இலக்காக வைத்து, ஊர் ஊராக மாற்றிக்கொண்டே போங்கள்.

தஞ்சோங் மாலிமில் பெர்ணம் ஆறுதான் சிலாங்கூருக்கும் பேராவுக்கும் எல்லை. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியதுதான் இன்றைய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பலர் இங்கே படித்தவர்கள், ஆகவே இந்த ஊரில் ஒரு வீடாவது எல்லாருக்கும் இருக்கும். அத்தை வீட்டில் தேத்தண்ணி. இங்கே ஒரு கணக்கு: எழுந்து “போய்ட்டு வர்றேன்” என்று சொன்னதிலிருந்து காடி தெருவைத் தாண்ட அரை மணி நேரம் ஆகும். வாசலில் ஒரு பேச்சு, கேட்டில் ஒரு பேச்சு, கறிவேப்பிலை பறித்துவர ஒரு ஓட்டம். இதை நேரத்தில் சேர்க்காதவர்கள்தான் சாலையில் வேகமாக ஓட்டி ஈடுகட்டப் பார்க்கிறார்கள். அந்த அரை மணியையும் பயண நேரத்தோடு சேர்த்து எழுதுங்கள்.

சிலிம் ரிவருக்கு அடுத்த 25 கிலோமீட்டர் இரு வழிச் சடக்கு. இரட்டை வெள்ளைக்கோட்டில் முந்தாதீர்கள். மரக்கட்டை லோரிக்குப் பின்னால் பத்து நிமிடம் போவதால் எந்த வீட்டிலும் சோறு ஆறிவிடாது. மாலை மங்கும் நேரத்தில் விளக்கில்லாத மோட்டார் சைக்கிள்களும், தோட்டத்து மாடுகளும் இங்கே உண்டு. ஏழே காலுக்கு விளக்கு வைக்கும் முன் படுக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது இரண்டு வகையிலும் நல்லது: இருட்டில் ஓட்ட வேண்டாம், விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்று கூப்பிடவும் வேண்டாம்.

இரண்டாம் நாள், ஞாயிறு: தெலுக் இந்தான்

80 கிலோமீட்டர். சுங்காய், பீடோர், அங்கிருந்து இடப்பக்கம் கூட்டரசு சாலை 58. பீடோரில் சாலையோரக் கொய்யாக் கடைகள். கல்போல் இருப்பதை வாங்குங்கள், இரண்டு நாள் தாங்கும். கோழி பிஸ்கட் என்று விற்கும் ஊர்ப் பலகாரத்தில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. சைவ வீட்டுக்கோ விரதம் இருக்கும் வீட்டுக்கோ முஸ்லிம் நண்பர் வீட்டுக்கோ வாங்கும் முன் கடையில் கேட்டுவிடுங்கள்.

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் 1885இல் கட்டியது. வெளியிலிருந்து எட்டு அடுக்குபோல் தெரியும், உள்ளே மூன்றுதான். பட்டணத்துக்குத் தண்ணீர்த் தொட்டியாக இருந்தது, அடி மண் மெத்தென்று இருந்ததால் சாய்ந்தது. பார்க்க இருபது நிமிடம் போதும்.

இது சாப்பிடும் வீடு, படுக்கும் வீடு இரண்டுமே. சித்தப்பா வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பு, பாகான் டத்தோ பக்கத்து மீன். சாப்பிட்டுவிட்டு உடனே ஓட்டாதீர்கள், அதற்காகத்தான் சாப்பிடும் வீட்டையும் படுக்கும் வீட்டையும் ஒன்றாக வைத்தேன். வேறு வழியில்லாமல் கிளம்ப வேண்டியிருந்தால் முதலில் இருபது நிமிடம் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து எழுங்கள். அந்த வீட்டில் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள், திங்கள்: ஈப்போ, புந்தோங்

95 கிலோமீட்டர். லங்காப் வழி உள்சாலையில் ஏறிக் கம்பார், கோப்பேங். கம்பாரைத் தாண்டியதும் வலப்பக்கம் மலைத்தொடர், ஈப்போவை நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக் குன்றுகள். கல்லுடைக்கும் லோரிகள் சாலையில் சரளைக்கல் சிந்தும். லோரிக்குப் பின்னால் நெருங்கி ஓட்டினால் முன்கண்ணாடியில் முதலில் மிளகளவு புள்ளி விழும், ஏர்கோன் குளிரும் வெளி வெயிலும் சேர்ந்து மாலைக்குள் அது கோடாக நீளும். புள்ளியாக இருக்கும்போதே ஒளிபுகும் ஒட்டுநாடாவால் மூடி அழுக்கு போகாமல் காத்தால், கண்ணாடிக் கடையில் பசை ஊற்றி அடைத்துவிடலாம்.

ஈப்போவில் நண்பர் வீடு புந்தோங்கில். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மலேசியா முழுக்கக் கச்சான் பூத்தே என்று விற்கும் கடலை, பட்டாணி, முறுக்கு, பக்கோடா, ஓமப்பொடி இவற்றுக்குப் பெயர் போன இடம் புந்தோங். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் வறுத்துத் தலையில் கூடை சுமந்து விற்றதில் தொடங்கிய தொழில். அவர்கள் குடியிருந்த தெருவே கச்சான் பூத்தே கம்பம் என்று பெயர் வாங்கிவிட்டது. அடுத்து வரும் ஐந்து வீட்டுக்கும் இங்கேயே வாங்கிவிடுங்கள், பினாங்கு வரை இதைவிட நல்ல கைப்பொருள் கிடைக்காது.

வாங்கும் முறை இருக்கிறது. பொட்டலம் கட்டி அடுக்கியதை எடுக்காமல், டப்பாவிலிருந்து அள்ளித் தரச் சொல்லுங்கள். ஒரு முறுக்குத் துண்டை ஒடித்து மூக்கருகில் கொண்டுபோங்கள். சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் பழசு. ஒடிக்கும்போது ‘டப்’ என்று ஓசை வர வேண்டும். வளைந்து பிறகு ஒடிந்தால் ஈரம் ஏறிவிட்டது. வெவ்வேறு வகையை ஒரே பொட்டலத்தில் கலக்காதீர்கள். காரப் பட்டாணியின் மிளகாய்த்தூள் எல்லாவற்றிலும் ஏறிப் பிள்ளைகள் சாப்பிட முடியாமல் போகும். பல் இல்லாத பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஓமப்பொடி, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பில்லாமல் வறுத்த கடலை. வீட்டுக்கு அரைக் கிலோ தாராளம். காடியில் பின்கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள். மூடிய காடிக்குள் வெயிலில் சூடேறி எண்ணெய் ஒரே நாளில் கெடும். முன் இருக்கைக்குப் பின்னால் தரையில், துணி போட்டு மூடி வைப்பதே சரி.

பொழுது சாயக் கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகலாம். குன்றின் அடியிலேயே கோயில், மாலையில் வெயில் மறைந்து குளிர்ச்சியாக இருக்கும். ஈப்போவில் சாலையோரம் காடி நிறுத்தத் தொலைபேசிச் செயலி வழியாகக் கட்ட வேண்டும். பினாங்குக்கு வேறு செயலி. இரண்டையும் கோலாலம்பூரிலேயே பதிவிறக்கி, காடி எண்ணைப் பதிந்து, ஐந்து வெள்ளி (ரிங்கிட்) போட்டுவையுங்கள். வெயிலில் நின்றுகொண்டு செய்கிற வேலையில்லை அது.

நான்காம் நாள், செவ்வாய்: சுங்கை சிப்புட், தைப்பிங்

90 கிலோமீட்டர், ஆனால் இந்தப் பயணத்தின் நெஞ்சு இந்த நாள்தான். செமோர் வழியாகச் சுங்கை சிப்புட். துன் சம்பந்தன் 1919இல் பிறந்த ஊர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டபோது, அவர்களிடமே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது, அவர் முயற்சியில். இந்த ஊர் வீடுகளில் அந்தப் பங்குப் புத்தகத்தை இன்னும் பெட்டியில் வைத்திருக்கும் பாட்டிகள் உண்டு. கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். கேளுங்கள்.

சாப்பிடும் வீடு இங்கே. செவ்வாய்க்கிழமை பல வீடுகளில் சைவம், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது டிபன் கேரியர் வரும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு மூடிய காடியின் சூட்டில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துவிடும். பூட்டில் ஒரு ஐஸ் பெட்டி கட்டாயம் வேண்டும். ஐஸ் வாங்கத் தேவையில்லை. முதல் நாள் இரவு படுக்கும் வீட்டு உறைபெட்டியில் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களை வைத்துவிட்டால் காலையில் கட்டியாக இருக்கும், மறுநாள் உருகியதும் குடிக்கவும் ஆகும். ரசம், மோர்க்குழம்பு போன்றவற்றுக்கு மூடியைச் சுற்றி ரப்பர் வளையம் உள்ள டப்பாவாகப் பார்த்துக் கேளுங்கள். புக்கிட் பெராப்பிட் வளைவுகளில் சாதாரண மூடி தாங்காது.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தருகே வேலி போட்ட ஒரு பால்மரம் நிற்கிறது. 1877இல் நட்டவற்றில் மிஞ்சியது. அடிமரம் கரடுமுரடாக, கீழே முண்டு முண்டாகப் பருத்து, பழைய வெட்டுக்காயங்கள் ஆறி உதடுபோல் மடிந்திருக்கும். நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்த காரணம் இந்த மரம்தான். இரண்டு நிமிடம் நின்று தொட முடியாவிட்டாலும் பார்த்துவிட்டுப் போங்கள். பக்கத்தில் நிறுத்த இடமுண்டு.

அடுத்து பாடாங் ரெங்காஸ், புக்கிட் பெராப்பிட் கணவாய். ஏற்றம் இறக்கமாக வளைந்து போகும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். ஆட்டோ கியர் காடியிலும் அதற்கென்று எல் அல்லது எஸ் இருக்கும். பிரேக் சூடாகி எரிந்த வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

தைப்பிங்கில் மழை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வரும் என்று எண்ணியே திட்டம் போடுங்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பதால் கடற்காற்று கொண்டுவரும் ஈரம் மலையில் முட்டிக் கொட்டுகிறது. தீபகற்பத்தில் அதிக மழை பெறும் ஊர் என்று பெயர். ஏரிப்பூங்காவை மூன்றுக்கு முன்பே பார்த்துவிடுங்கள், தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேலாகக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடுவது அங்கே. நாட்டின் முதல் ரயில் பாதை 1885இல் இங்கிருந்து போர்ட் வெல்ட்டுக்குப் போட்டது. கொட்டும் மழையில் ஸ்டீரிங் திடீரென்று லேசானால் டயர் நீரில் மிதக்கிறது என்று பொருள். பிரேக் போடாமல், திருப்பாமல், எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் தானே பிடி கிடைக்கும். நான்கு பக்க விளக்கையும் மின்னவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும்.

ஐந்தாம் நாள், புதன்: பாகான் செராய், நிபோங் தெபால்

95 கிலோமீட்டர். கமுந்திங், சிம்பாங், செமாங்கோல், பிறகு இருபுறமும் கிரியான் வயல்கள். 1906இல் கட்டிய புக்கிட் மேரா நீர்த்தேக்கம் பாசனம் தரும் வயல்கள் இவை. அறுவடை நாளில் அறுவடை இயந்திரம் சாலையில் ஊர்ந்து வரும், சாலையில் சேறும் வைக்கோலும் கிடக்கும், மழை தூறினால் மோட்டார்கள் சறுக்கும். பாகான் செராயில் பெரியம்மா வீட்டில் மதியச் சாப்பாடு.

நிபோங் தெபாலில் உள்ளது துக்க வீடு. இதை எங்கே வைப்பது என்பதில்தான் இந்தப் பயணத் திட்டத்தின் பாதி யோசனை போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் துக்கம் விசாரிக்கப் போவதில்லை என்பது பல குடும்பங்களின் வழக்கம், ஆகவே புதன். அந்த வீட்டிலிருந்து நேரே வேறு வீட்டுக்குள் நுழையக் கூடாது, குளித்துவிட்டுத்தான் போக வேண்டும். தனியாகப் பயணம் போகிறவருக்குக் குளிக்கச் சொந்த வீடு பக்கத்தில் இல்லை. ஆகவே அதைப் பொழுது சாயும் கடைசி வீடாக வைத்து, அன்றிரவு மட்டும் பட்டர்வொர்த்தில் ஹோட்டல் அறை எடுப்பதே தீர்வு. மாற்றுத்துணி ஒரு செட்டைத் தனிப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பலகாரம் கொண்டுபோக வேண்டாம். பால்மாவு, சீனி, பிஸ்கட் போன்ற பொருளோ, உறையில் பணமோ கொடுக்கலாம். கிளம்பும்போது “போய்ட்டு வர்றேன்” என்று சொல்லாமல் எழுந்து வருவதே முறை. குழந்தை பிறந்து முப்பதாம் நாள் கும்பிடாத வீடு வழியில் இருந்தால் அதை இதே நாளில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

ஆறாம் நாள், வியாழன்: பினாங்கு

‘டோல் தவிர்’ என்பதை இன்று காலை எடுத்துவிட வேண்டும். தீவுக்குக் காடியோடு டோல் இல்லாமல் போக வழியே கிடையாது. படகு 2021 தொடக்கத்திலிருந்து காடிகளை ஏற்றுவதில்லை. ஆளும், சைக்கிளும், மோட்டாரும்தான். இரண்டு பாலத்திலும் தீவுக்குப் போகும்போது மட்டும் டோல், திரும்பும்போது இல்லை. 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் முதல் பாலம் ஜார்ஜ்டவுன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் போகிறவர்களுக்கு. 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் பத்து மாவுங்கில் இறங்கும், பாயான் லெப்பாஸ் வீடுகளுக்கு அது. வேலைநாள் காலை ஏழு முதல் ஒன்பது வரை தீவுப் பக்கமும், மாலை ஐந்துக்கு மேல் பெருநிலப் பக்கமும் அடைத்துக்கொள்ளும். பத்து மணிக்கு ஏறுங்கள்.

ஆனால் ஜெலுத்தோங்கில் உள்ள வீடு அடுக்குமாடி, விருந்தாளிக்கு நிறுத்துமிடம் இல்லை என்றால், காடியைப் பட்டர்வொர்த்தில் விட்டுப் படகேறிப் போய்விடுங்கள். கால் மணி நேரம் கடற்காற்று, இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா. 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் குவீன் தெருவில். பெரியவர்களைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப்போவதாக இருந்தால் 513 படி என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, காலை எட்டுக்கு முன் தொடங்குங்கள்.

பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் சாதாரணம். அண்ணன் மகன் இரவு ஷிஃப்ட் முடித்து ஏழரைக்குத்தான் படுப்பான். அந்த வீட்டுக்கு மாலை நான்குக்கு மேல் போவதே நியாயம். அவன் எழுந்த பிறகு நாசி கண்டார் சோற்றைத் தாபாவ் (பொட்டலமாக) வாங்கிப் போனால் யாரும் சமைக்க வேண்டியதில்லை. குழம்பைத் தனிப்பையில் கட்டச் சொல்லுங்கள், சோற்றில் ஊற்றினால் வீடு சேர்வதற்குள் குழைந்துவிடும்.

திரும்பும் வழி வெள்ளிக்கிழமை காலை, நெடுஞ்சாலையில். எண்ணெய் (பெட்ரோல்) போட மைகாட் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், ரோன் 95க்கு மானிய விலை அதைக் காட்டினால்தான். டோலில் எந்த முறையில் நுழைந்தீர்களோ அதே முறையில் வெளியேற வேண்டும்: அட்டையைத் தட்டி நுழைந்தவர் கண்ணாடி ஸ்டிக்கர் தடத்தில் வெளியேறப் பார்த்தால், நுழைந்த பதிவு இல்லாமல் தடுப்பு திறக்காது. கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் நடுவில் மெனோரா சுரங்கம். 110 என்பது அங்கே செல்லாது, 80, 90 என்று பலகை மாறும், கேமராவும் உண்டு. ஈப்போ பக்கம் இறங்கும் சரிவில் கனரக லோரிகளுக்கு முன்னால் புகுந்து பிரேக் போடாதீர்கள். தூக்கம் வந்தால் சுங்கை பேராக் அல்லது தாப்பா ஓய்விடத்தில் இருபது நிமிடம். இஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை மூடி உறங்கக் கூடாது, புகைவாயு உள்ளே வந்தால் எழவே மாட்டோம்.

பூட்டில் இப்போது சுங்கை சிப்புட் டிபன் கேரியரும், பாகான் செராய் ஊறுகாய் டப்பாவும், தைப்பிங் எவர்சில்வர் தூக்கும் கழுவி உலர்த்தி இருக்கின்றன. ஒவ்வொரு மூடியிலும் வீட்டுப் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஒரு பிடி ஜாதிக்காய் ஊறலாவது போட வேண்டும். தைப்பிங் வீடு நெடுஞ்சாலை வெளிவழியிலிருந்து பத்து, பதினைந்து நிமிடத் தூரம்தான், தூக்கைப் போகிற வழியிலேயே கொடுத்துவிடலாம். மற்ற இரண்டும் தீபாவளிக்கு.